அம்மாவின் சாயங்காலமும் என் பிரஷரும்

அம்மாவுக்கு மறதி நோய் வந்த இரண்டாம் வருடம் என் பிரஷர் 160/100. பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்குப் போய்விடுவார். "இதுதாம்மா நம்ம வீடு" என்று வாதாடி வாதாடி இருவருமே அழுவோம்.

வாதாடுவதை விட்டேன். 5 மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுவேன். "சரிம்மா, பூவைத் தொடுத்துட்டுப் போலாம்" என்று மல்லிகையை மடியில் கொட்டுவேன். பெயர் மறந்தாலும் விரல்கள் மறக்கவில்லை. அரை மணியில் அடங்கிவிடுவார்.

தம்பியிடம் உதவி கேட்பதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இப்போது சனி, ஞாயிறு இரவுகளை அவன் பார்த்துக்கொள்கிறான். நான் தூங்குகிறேன், மாத்திரை தவறுவதில்லை. மனது உடைந்த ஓர் இரவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசினேன். இலவசம், தமிழிலேயே பேசலாம். போன மாதம் பிரஷர் 130/84.