சாயங்காலக் கால் வீக்கம் வடிந்தது இப்படித்தான்

கடையில் பில் போடும் வேலை எனக்கு. உயரமான ஸ்டூலில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்கிவிடும். விரலால் அழுத்தினால் விழுந்த குழி உடனே எழும்பாது. உப்பைக் குறைத்தேன், ராத்திரி தலையணை மேல் கால் வைத்துப் படுத்தேன். காலையில் வடியும், சாயங்காலம் திரும்ப வரும். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டி இல்லை, சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்) வால்வுகளும் சரி. (ஒரே காலில் திடீரென்று வீங்கி வலித்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், பயிற்சியெல்லாம் அப்புறம்.)

கணுக்கால் பயிற்சி செய்யச் சொன்னார்கள். கால்விரல்களை மட்டும் ஆட்டினால் போதாது. ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அது இறுகும்போது ஆழத்திலுள்ள சிரைகள் நசுங்கி ரத்தம் ஏறும். வால்வுகள் அதைத் திரும்பி இறங்க விடாது. அசையாமல் நிற்கையில் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80-90 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு இருக்கும்; நடந்தால் 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதனால் பாதத்தை முகத்தை நோக்கி முழுசாக இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, கீழ்நோக்கி முழுசாக நீட்ட வேண்டும்.

இதிலும் வீக்கம் பாதிதான் குறைந்தது. மிச்சம் ஸ்டூலின் வேலை! கால் தொங்கியதால் அதன் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை, முழங்கால் மடிப்புக்குப் பக்கத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தது. காலுக்கடியில் ஒரு மணைப்பலகை போட்டேன். பாதம் ஊன்றியது, விளிம்புக்கும் காலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் கிடைத்தது. இப்போது குதிகாலைத் தூக்கினால் கெண்டைச்சதை கல்லாக இறுகுவது கைக்கே தெரிகிறது. பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே இதைச் செய்கிறேன். வீட்டுக்குப் போகும்போது செருப்பு வார் இறுகுவதில்லை.