உருகும் பனியைச் சிறு விமானத்திலிருந்து படம் பிடிப்பது எப்படி: சீனக்குடாவில் பறந்து பழகியவர்களுக்கு

திருகோணமலையின் சீனக்குடா ஓடுபாதையில் 32 பாகை வெயிலில் ஏறி இறங்கிப் பழகிய ஒருவருக்கு, கிறீன்லாந்தின் மேல் செஸ்னா 172 ஓட்டுவது புதுத் தொழில் அல்ல. குளிர்காற்று அடர்த்தியானது, விமானம் இங்கே இருப்பதை விட இலேசாகவே மேலெழும். ஆனால் இங்கே யோசிக்காமல் நம்புகிற மூன்று, திசைகாட்டி, உயரமானி, நம்முடைய சொந்தக் கண், அங்கே தவறாகச் சொல்லும். எவ்வளவு தவறும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கணக்கிடலாம். கணக்கிடாமல் புறப்படக் கூடாது.

மேற்குக் கரையில் காங்கர்லுசுவாக் அல்லது இலுலிசாட் விமான நிலையத்தைத் தளமாக வைத்துக்கொள்ளுங்கள். யூன் கடைசியிலிருந்து யூலை முடிவு வரை நல்ல காலம். பனிப்பரப்பின் மேல் நீல ஏரிகள் தேங்கி நிற்பது அப்போதுதான். புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். பனி கரைந்து வெறும் உறைகட்டி வெளிப்பட்டால் அது ஏறக்குறைய பாதியாகும். தண்ணீர் அதைவிடக் குறைவாகவே திருப்பும். அதனால் ஏரி கட்டிய இடம் மேலும் வேகமாக உருகும். இந்த ஏரிகள் எந்த நேரமும் வெடிப்பு வழியே அடியில் இறங்கிவிடும்: 2006இல் ஐந்தரைச் சதுர கிலோமீற்றர் அளவான ஓர் ஏரி ஒன்றரை மணி நேரத்துக்குள் வடிந்து போனது. ஆகவே ஒரே ஏரியைக் காலையும் மாலையும் எடுத்தால் இரண்டும் வெவ்வேறு தரவுகள். நேரம் குறிக்காத படம் வீண்.

திசைகாட்டி

திருகோணமலை காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. காந்தக் கோடுகள் இங்கே தரைக்குச் சமாந்தரமாக ஓடுவதால் ஊசி மட்டமாக, அமைதியாக நிற்கும். திரும்பும்போதும் அதிகம் ஏமாற்றாது. காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் வித்தியாசம் இரண்டு, மூன்று பாகைதான். கிறீன்லாந்தில் அந்தக் கோடுகள் ஏறக்குறையச் செங்குத்தாக நிலத்துக்குள் இறங்குகின்றன. ஊசியைத் திருப்பும் கிடைவிசை மெலிந்துவிடும். சிறு சரிவுக்கும் அது தாறுமாறாக ஆடும். வடக்கே போகப் போக வித்தியாசம் பல பத்துப் பாகைகளாகும்.

அப்படியானால், சுழலும் சக்கரத்தை வைத்துத் திசை காட்டும் கைரோவை நம்பலாமா? அதுவும் நழுவும். பூமி சுழல்வதால் கைரோ மணிக்கு 15 பாகையை அகலாங்கின் சைன் பெறுமானத்தால் பெருக்கிய அளவு விலகுகிறது. திருகோணமலையின் எட்டரைப் பாகையில் அது மணிக்கு 2 பாகைதான். 70 பாகை வடக்கில் 14. கைரோவுக்குள் அகலாங்குக்கேற்பத் திருத்தும் ஒரு திருகாணி உண்டு. நம்மூர் அகலாங்குக்கு வைத்ததை அங்குள்ள பட்டறையில் மாற்றி வையுங்கள். பிறகும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சூரியன் உதவும்: அந்த இடத்தின் சூரிய நண்பகலில் அது நேர் தெற்கே, சரிந்து நிற்கும். இங்கே நண்பகலில் தலைக்கு மேல் நிற்பதால் இந்த வழி நமக்குப் பழக்கமில்லை. ஜி.பி.எஸ். காட்டுவது விமானம் போகும் பாதையை. மூக்கு பார்க்கும் திசையை அல்ல. பக்கக்காற்று அடித்தால் இரண்டும் ஒன்றாகாது.

உயரமானி

உயரமானி, காற்று நியம வெப்பநிலையில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு கணக்குச் சொல்கிறது. கடல் மட்டத்தில் அது 15 பாகை. காற்று அதைவிடக் குளிர்ந்தால், நாம் உண்மையில் காட்டுவதை விடத் தாழ்வாக இருப்போம். கைக்கணக்கு: நியமத்துக்குக் கீழே ஒவ்வொரு 10 பாகைக்கும், நிலையத்துக்கு மேலான உயரத்தில் 4 வீதம். நிலையத்தில் மறை 5 பாகை என்றால் 20 பாகை குறைவு. 5,000 அடி காட்டும்போது ஏறக்குறைய 400 அடி தாழ்வு. பனிக்கு மேல் 1,500 அடி இருப்பதாக நினைத்தால், இருப்பது 1,100. சீனக்குடாவின் வெயிலில் இதே பிழை நம்மை உயர்த்தி வைக்கும். அதனால்தான் இங்கே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இன்னொன்று: 1,500 அடி என்பது பனியின் மேற்பரப்பிலிருந்து. பரப்போ உள்ளே போகப் போக உயர்ந்துகொண்டே போகும்.

கண்

மேலே மேகம் மூடி, கீழே பனி விரிந்திருந்தால் நிழல் இல்லை, அடிவானம் இல்லை. கொட்டியாரக்குடாவின் மேல் ஒரு மீன்பிடி வள்ளமாவது கண்ணுக்கு அளவு சொல்லும். பனியில் 3 மீற்றர் மேடும் 300 மீற்றர் மேடும் ஒன்று போலத் தெரியும். எதிரே ஏறிவரும் பனியில் மோதிய விமானங்கள் பலவற்றில், முட்டும் வரை ஓட்டியவருக்கு ஐயமே வரவில்லை. ஒரு விதியை விட்டுக்கொடுக்காதீர்கள்: கறுப்பான எதையாவது, ஒரு பாறையையோ பனி விளிம்பின் மண்மேட்டையோ, தொடர்ந்து காணமுடியாவிட்டால் அந்த நிமிடமே கடல்பக்கம் திரும்புங்கள். மேகத்தின் அடிப்பக்கமும் வழிகாட்டும்: அது கறுத்திருந்தால் அதன்கீழ் திறந்த நீர், வெளுத்திருந்தால் பனி.

பனிச்சரிவை நோக்கி நேராக ஏறிப்போகவும் கூடாது. நம்முடைய கச்சான் காற்று, மலை கடந்து சூடாகி வருவது. அங்கே வருவது பனிமேட்டில் குளிர்ந்து பாரமாகி, தண்ணீர் போலச் சரிவில் வழியும் காற்று. எதிரே பனி உயரும், காற்றோ விமானத்தைக் கீழே தள்ளும். 172இன் ஏறும் திறன் அதற்கு ஈடுகொடுக்காது. சரிவுக்குக் குறுக்காகவே பறந்து, எப்போதும் பள்ளத்தின் பக்கம் திரும்ப இடம் வைத்திருங்கள்.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாக. மறை 7 பாகைக்குக் கீழே எண்ணெய் தடித்துவிடும். சூடாக்காமல் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். எரிபொருளில் கலந்த நீர் உறைந்தால் வடிகுழாயைத் திறந்தாலும் வெளியே வராது, பிறகு குழாயை அடைக்கும். ஆகவே தாங்கி குளிருமுன் நீரை வடித்துவிடுங்கள். கார்பரேட்டரில் பனி பிடிப்பது 21 பாகைக்குக் கீழான ஈரக்காற்றில்தான் கூடுதல். கரையோர மூடுபனியில் வெப்பக் கைப்பிடியை முழுதாக இழுங்கள், பாதியில் நிறுத்த வேண்டாம். பிஸ்டன் எஞ்சினுக்கான பெற்றோல் எல்லா நிலையத்திலும் கிடைக்காது. எங்கே, எவ்வளவு என்பதை எழுத்தில் உறுதிசெய்த பிறகே பாதை வரையுங்கள். பனிப்பரப்பைக் கடக்கத் தேவைப்படும் அனுமதிகளையும் டென்மார்க் அதிகாரிகளிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கமரா

நாசாவின் ஐஸ்பிரிட்ஜ் விமானங்கள் 2009 முதல் பத்து ஆண்டுகள் பனியை அளந்தபோது பெரும்பாலும் பறந்த உயரம் 1,500 அடி. அதே உயரம் உங்களுக்கும் பொருந்தும். 35 மில்லிமீற்றர் லென்சும் முழுச்சட்டக் கமராவும் இருந்தால், 457 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு படம் 470க்கு 313 மீற்றர் நிலத்தைப் பிடிக்கும். நீளப்பக்கம் பாதைக்குக் குறுக்கே இருக்கட்டும். படங்கள் 80 வீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டுமானால் 63 மீற்றருக்கு ஒன்று. 90 நொட் வேகத்தில் அது ஏறக்குறைய 1.35 செக்கனுக்கு ஒன்று. இடைவெளிக் கருவியை 1 செக்கனில் வையுங்கள். சட்டர் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு: அந்த நேரத்தில் விமானம் 5 சென்ரிமீற்றருக்குள்தான் நகரும், 24 மெகாபிக்சலில் ஒரு புள்ளி நிலத்தில் 8 சென்ரிமீற்றர்.

கமராவின் ஒளிமானி பனியைச் சாம்பலாக்கும். ஒன்று முதல் ஒன்றரை நிறுத்தம் (ஒரு நிறுத்தம் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டுங்கள், ஆனால் வெள்ளை எரிந்துபோகக் கூடாது. குவியத்தைத் தொலைவில் வைத்து நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒளித்தெறிப்பைக் குறைக்கும் முனைவாக்கி வடிகட்டி போட்டால் சட்டகத்தின் ஒரு மூலை இருண்டு, ஏரி ஆழத்தைக் கணிக்க முடியாமல் போகும். மாற்றுப் பற்றரிகள் சட்டைக்குள்ளே, உடம்போடு இருக்கட்டும். கமரா கடிகாரத்தை ஜி.பி.எஸ். நேரத்துக்குச் செக்கன் பிசகாமல் வையுங்கள்.

ஒவ்வொரு பறப்புக் கோட்டின் இரு முனையிலும் அசையாத பாறை படத்தில் விழ வேண்டும். பனி ஓடும்: இலுலிசாட் பனியாறு 2012 கோடையில் நாளுக்கு 40 மீற்றருக்கு மேல் நகர்ந்தது. பனியையே அடையாளமாக வைத்துப் பொருத்தினால் உருகியதா நகர்ந்ததா என்று பிரிக்க முடியாது.

இதையெல்லாம் ஊரிலேயே பழகலாம். நிலாவெளிக் கரை நேரானது, உப்பளத்து வெள்ளை ஒளிமானியைப் பனி போலவே ஏமாற்றும். கடற்படை, விமானப்படைத் தளங்கள் அருகே என்பதால் வான்படத்துக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி முதலில் வேண்டும். கையுறை போட்டுக்கொண்டே எல்லாத் திருகுகளையும் திருப்பிப் பாருங்கள். திருப்ப முடியாதது அங்கே பயன்படாது.

உயிர்காப்பு உடுப்பை ஏறுமுன்பே அணியுங்கள். சுழியப் பாகைக் கடலில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைவிரல் இயங்க 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். உடுப்பைத் தேடி எடுத்து மாட்ட அந்தப் பத்து நிமிடம் போதாது. 406 மெகாஹேர்ட்ஸ் அவசரக் கருவியும் இரிடியம் செய்மதித் தொலைபேசியும் பையில் அல்ல, உடலில்.

இறங்கியதும் முதல் வேலை தேநீர் அல்ல. கமராவின் நினைவட்டையை இரண்டு இடத்தில் பிரதியெடுத்து, தாளில் இவற்றை எழுதுங்கள்: திகதி, தொடங்கிய முடிந்த நேரம், கோட்டின் முனைகள், நிலைய வெப்பநிலை, காட்டிய உயரம், மேகம். அடுத்த யூலையில் அதே கோட்டைப் பறக்க வருபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.