திடீரென உயர்ந்த அவுட்ஃபீல்டருக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

2025 ஜூலையில், அமெரிக்க பேஸ்பால் சீசனின் நடுவே ஆல்-ஸ்டார் இடைவேளைக்காக ஆட்டங்கள் நின்றபோது, சிகாகோ கப்ஸ் அணியின் சென்டர் ஃபீல்டர் (வெளிக்களத்தின் நடுவில் நிற்கும் அவுட்ஃபீல்டர்) பீட் குரோ-ஆர்ம்ஸ்ட்ராங்கின் கணக்கில் 25 ஹோம் ரன்களும் (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பவை) 27 ஸ்டோலன் பேஸ்களும் (பந்தெறியும் பிட்சரை ஏமாற்றி ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பவை) இருந்தன. முந்தைய ஆண்டு முழுவதும் சேர்த்தே அவர் அடித்தவை 10 ஹோம் ரன்கள்தான். கப்ஸ் அதுவரை 96 ஆட்டங்கள் ஆடியிருந்ததால், அதே வேகத்தை 162 ஆட்டங்களுக்கு நீட்டிப் பார்த்தவர்களுக்கு 42 ஹோம் ரன்களும் 46 ஸ்டோலன் பேஸ்களும் கண்முன் தெரிந்தன. சீசன் முடிந்தபோது அவர் நின்ற இடம் 31, 35. சாமி சோசாவுக்குப் பிறகு கப்ஸ் அணியில் ஒரே ஆண்டில் 30 ஹோம் ரன், 30 ஸ்டோலன் பேஸ் என்ற 30-30ஐ எட்டியவர் அவரே என்பதால் இதைக் குறைவான ஆண்டு என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும், ஜூலையில் அந்த நீட்டிப்புக் கணக்கை நம்பிப் பெரிய விலை கொடுத்து அவரைத் தம் ஃபேன்டஸி அணிக்கு (உண்மையான ஆட்டக்காரர்களின் எண்களை வைத்துப் போட்டியிடும் கற்பனை அணிக்கு) வாங்கிய மேலாளருக்கு மீதிக் காலத்தில் கிடைத்தவை 6 ஹோம் ரன்களும் 8 ஸ்டோலன் பேஸ்களும் மட்டுமே.

அந்த மேலாளர் ஆட்டக்காரரைத் தவறாக மதிப்பிட்டார் என்பதைவிட, ஏற்கெனவே நடந்து முடிந்த மூன்றரை மாதங்களுக்கு விலை கொடுத்தார் என்பதே பொருத்தம். அந்த ஓட்டங்கள் விற்றவரின் கணக்கில் ஏறிவிட்டன. வாங்குபவர் இனி வரப்போவதை மட்டுமே வாங்குகிறார். ஆகவே, திடீரென உயர்ந்த எந்த அவுட்ஃபீல்டரைப் பார்த்தாலும், அவரிடம் உண்மையில் எது மாறியிருக்கிறது, அதில் எவ்வளவு நிலைக்கும், நிலைப்பது நம் லீக்கில் என்ன பெறும் என்ற மூன்றையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதே எளிது. ஏனெனில் அதற்கான விடை ஆட்டக்காரரிடம் இல்லை, லீக்கின் விதிகளில் இருக்கிறது.

1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கின் ஓர் உணவகத்தின் பெயரைக் கடன் வாங்கித் தொடங்கிய ரோட்டிசெரி முறையின் வழிவந்த லீக்குகளில், மட்டையாளர்களுக்கு இன்று பொதுவாக ஐந்து பிரிவுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் அணிகள் வரிசைப்படுத்தப்படும்: ஓட்டங்கள், ஹோம் ரன்கள், ஆர்பிஐ (தம் அடியால் சேர்த்துக் கொடுத்த ஓட்டங்கள்), ஸ்டோலன் பேஸ்கள், பேட்டிங் சராசரி (அட்-பேட்களில் எத்தனை பங்கு ஹிட், அதாவது பேஸை எட்டிய அடி). சில லீக்குகள் சராசரிக்குப் பதிலாக, வாக்கையும் சேர்த்து எத்தனை முறை பேஸை எட்டினார் என்று காட்டும் ஆன்-பேஸ் விகிதத்தை வைக்கின்றன; வேறு சில ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி கொடுக்கின்றன. இந்த வேறுபாடு சிறியதன்று. குரோ-ஆர்ம்ஸ்ட்ராங் 2025இல் 0.247 சராசரி வைத்திருந்தார், அது தாங்கக்கூடியது. ஆனால் வாக் வாங்கி (நான்கு பிசகிய பந்துகளை அடிக்காமல் விட்டு) பேஸுக்குப் போவது அவருக்கு அரிது என்பதால், ஆன்-பேஸ் விகிதம் 0.287 மட்டுமே. ஒரே ஆட்டக்காரர், ஒரே ஆண்டு. சராசரி லீக்கில் முதல் வரிசையில் எடுக்கத்தக்கவர், ஆன்-பேஸ் லீக்கில் ஒரு பிரிவையே கீழே இழுப்பவர். விதிகளைச் சொல்லாமல் வெளியிடப்படும் தரவரிசைப் பட்டியலை நான் ஒருபோதும் பின்பற்றுவதில்லை.

அடுத்தது மாற்று ஆட்டக்காரரின் அளவு. 12 அணிகள் கொண்ட லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று அவுட்ஃபீல்டர்கள் என்றால் 36 பேர் தேவை. ஐந்து பேர் என்றால் 60 பேர். 37ஆவது அவுட்ஃபீல்டர் ஓரளவு நல்ல ஆட்டக்காரராகவே இருப்பார். 61ஆவது ஆள் பெரும்பாலும் வாரத்தில் நான்கு நாள் மட்டும் ஆடுபவராக இருப்பார். யாரும் எடுக்காமல் கிடக்கும் அந்த ஆள் எவ்வளவு தருவாரோ, அதற்கு மேற்பட்டதுதான் நம் ஆட்டக்காரரின் மதிப்பு. கிடைக்கும் மாற்று ஆள் 15 ஹோம் ரன்களும் 10 ஸ்டோலன் பேஸ்களும் தருவார் என்று கொண்டால், 25-30 ஆட்டக்காரரின் உண்மையான மிகை 10 ஹோம் ரன்களும் 20 ஸ்டோலன் பேஸ்களும்தான். இதை உங்கள் லீக்கின் கடந்த ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஸ்டோலன் பேஸ் பிரிவில் அடுத்தடுத்த அணிகளுக்கு இடையே சராசரியாக 10 இடைவெளி இருந்திருந்தால், அந்த 20 உங்களை இரண்டு இடங்கள் உயர்த்தும். ஏல லீக்குகளில் ஓர் அணிக்கு வழக்கமான தொகை 260 டாலர், 23 ஆட்டக்காரர்கள். 12 அணிகளுக்கு மொத்தம் 3,120 டாலர். ஆளுக்குக் கட்டாயம் ஒரு டாலர் என்று 276 போனால், 2,844 டாலர் இந்த மிகைகளை வாங்கத்தான் செலவாகிறது.

சராசரிப் பிரிவைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. கிரிக்கெட்டில் வளர்ந்த நம் கண், சராசரி என்றதும் அதற்கு அதிக எடை கொடுத்துவிடும். ஓர் அணியின் 14 மட்டையாளர்களுக்கும் சேர்த்து ஆண்டில் ஏறத்தாழ 7,000 அட்-பேட்கள் (வாக் போன்றவை நீங்கலாக மட்டை பிடித்த முறைகள்) வரும். அவர்களில் ஒருவர் 550 அட்-பேட்களில் 0.260 அடிப்பதற்கும் 0.300 அடிப்பதற்கும் உள்ள வேறுபாடு 22 ஹிட்கள். அணியின் சராசரியை அது 0.003 அளவே நகர்த்தும். நெருக்கமான லீக்கில் அதுவும் ஓரிரு இடங்களைப் பெற்றுத் தரலாம். ஆனால் மூன்று மாத 0.330க்காக 20 ஸ்டோலன் பேஸ்களை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் இழப்புதான்.

இனி, எவ்வளவு நிலைக்கும் என்ற கேள்வி. இதற்கு டாம் டாங்கோ உருவாக்கிய மார்செல் என்ற முறை நல்ல தொடக்கம். குரங்கும் போடக்கூடிய அளவுக்கு எளிய கணக்கு என்பதைச் சொல்லவே ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த குரங்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். கடந்த மூன்று ஆண்டுகளுக்கு முறையே 5, 4, 3 என்று எடை கொடுத்து, அதோடு லீக்கின் சராசரி ஆட்டக்காரர் 1,200 முறை மட்டை பிடித்ததற்குச் சமமான அளவையும் கலக்க வேண்டும். வயதுக்கு ஒரு சிறு திருத்தமும் உண்டு. குரோ-ஆர்ம்ஸ்ட்ராங் 2025இல் சுமார் 650 முறை மட்டை பிடித்து 31 ஹோம் ரன்கள் அடித்தார். 2024இல் சுமார் 410 முறையில் 10. 2023இல் மிகச் சில முறைகளே ஆடி ஒன்றும் அடிக்கவில்லை என்பதால் அந்த ஆண்டை ஒதுக்கிவிடலாம். எடை போட்டுக் கூட்டினால் 4,890 முறைகளில் 195 ஹோம் ரன்கள். நூறு முறைக்கு 3 என்ற லீக் சராசரியில் 1,200 முறைகளுக்கு 36. இரண்டையும் சேர்த்தால் 6,090 முறைகளுக்கு 231, அதாவது நூறு முறைக்கு 3.8 அளவு. அடுத்த ஆண்டு 640 முறை ஆடினால் 24 ஹோம் ரன்கள். 31 அடித்தவருக்கு 24 என்பது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இது தீர்ப்பன்று, நடுக்கோடு. இதற்கு மேலே போக வேண்டுமென்றால், ஆட்டக்காரரின் திறனில் மாற்றம் ஏற்பட்டதற்கான சான்று நம் கையில் இருக்க வேண்டும்.

அந்தச் சான்றைத் தேடும்போது, எந்த எண் எவ்வளவு விரைவில் நம்பத்தக்கதாகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழப்பது) விகிதம் சுமார் 60 முறைகளிலேயே பொருள் தரத் தொடங்கும்; வாக் விகிதத்துக்கு சுமார் 120 முறைகளும், ஹோம் ரன் விகிதத்துக்கு சுமார் 170 முறைகளும் தேவை. களத்துக்குள் அடிக்கப்பட்ட பந்துகளில் எத்தனை ஹிட்களாகின்றன என்று காட்டும் பேபிப் விகிதத்துக்கோ 800 பந்துகளுக்கு மேல் வேண்டும். அதாவது ஒரு முழு ஆண்டும் அதற்குப் போதாது. ஆகவே மே மாத இறுதியில் ஒருவரின் ஸ்ட்ரைக்அவுட்கள் நூற்றுக்கு 30இலிருந்து 22ஆகக் குறைந்திருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாம், பேபிப் 0.400 என்று இருந்தால், அந்தச் சராசரியைக் கண்டு மயங்கக் கூடாது.

நோலன் ஜோன்ஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கொலராடோ ராக்கீஸ் அணிக்காக 2023இல் 106 ஆட்டங்களில் 20 ஹோம் ரன்கள், 20 ஸ்டோலன் பேஸ்கள், 0.297 சராசரி. அடுத்த வசந்தத்தில் டிராஃப்டுகளில் (ஃபேன்டஸி அணிகள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுகளில்) அவரைப் பலர் விரும்பி எடுத்தார்கள். அவருடைய பேபிப் 0.401 என்பதையும், லீக்கின் வழக்கமான அளவு 0.300ஐ ஒட்டியது என்பதையும், மூன்று பங்கில் ஒரு பங்கை நெருங்கும் அளவுக்கு அவர் ஸ்ட்ரைக்அவுட் ஆனார் என்பதையும் சேர்த்துப் பார்த்தவர்கள் தயங்கினார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள கூர்ஸ் ஃபீல்டின் அகன்ற வெளிக்களம் பேபிப்பை உயர்த்தும் என்பது உண்மைதான், ஆனால் 0.400க்கு அதுவும் காரணமாகாது. 2024இல் 79 ஆட்டங்களில் 0.227, 3 ஹோம் ரன்கள். 2025 மார்ச்சில் கிளீவ்லாந்துக்கு மாற்றப்பட்டார். முதுகுக் காயமும் அந்த வீழ்ச்சியில் பங்கு பெற்றது என்பதால் எல்லாவற்றையும் பேபிப்பின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் காயம் இல்லாதிருந்தாலும் 0.297 திரும்பியிருக்காது என்பதே என் கணிப்பு.

இதற்கு எதிர்ப்பக்கம் ஹோசே பாட்டிஸ்டா. 2009 வரை ஓர் ஆண்டில் 16 ஹோம் ரன்களைத் தாண்டாத டொராண்டோ ஆட்டக்காரர், 2010இல் 54 அடித்தார். அந்த ஆண்டு அவருடைய பேபிப் 0.233தான், 100 முறை வாக்கும் வாங்கினார். அதிர்ஷ்டம் அடித்த ஹிட்களால் வீங்கிய ஆண்டன்று அது. அதற்கு முன்பே, 2009இன் கடைசி மாதத்தில், மட்டை வீச்சை முன்கூட்டியே தொடங்கும்படி பயிற்சியாளர்கள் திருத்திய பிறகு, அவர் 10 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். ஒரு காரணம், அது தொடங்கிய நாள், அதற்குப் பின் வந்த விளைவு என்று மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. 29 வயதில் வந்த மலர்ச்சி என்று ஐயப்பட்டவர்களுக்கு அவர் 2011இல் 43 ஹோம் ரன்களும் 0.302 சராசரியும் காட்டினார். அதே 2011இல் பாஸ்டனின் ஜேக்கபி எல்ஸ்பரி 32 ஹோம் ரன்கள் அடித்தார். வேறு எந்த ஆண்டிலும் அவர் 16ஐத் தாண்டியதில்லை. ஆனாலும் அவரை வைத்திருந்தவர்கள் முழுவதும் ஏமாறவில்லை. 2013இல் ஹோம் ரன்கள் 9ஆகச் சுருங்கியபோதும் 52 ஸ்டோலன் பேஸ்கள் வந்தன.

2015 முதல் எல்லா மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் இருப்பதால், பாட்டிஸ்டா காலத்தில் ஊகிக்க வேண்டியிருந்ததை இப்போது அளந்தே பார்க்கலாம். மணிக்கு 95 மைலுக்கு மேல் அடிக்கப்படும் பந்துகளின் பங்கு, வேகமும் கோணமும் சேர்ந்தமைந்த ‘பேரல்’ அடிகளின் பங்கு, 2024 முதல் வெளியாகும் மட்டை வேகம் ஆகிய மூன்றையும் முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள். மட்டை வேகத்தின் லீக் சராசரி மணிக்கு 72 மைலை ஒட்டியது. ஹோம் ரன்கள் இரட்டித்திருந்தும் இவற்றில் எதுவும் அசையவில்லை என்றால், வேலியை அரை அடியில் தாண்டிய பந்துகளே கணக்கை உயர்த்தியிருக்கக்கூடும்.

ஸ்டோலன் பேஸ்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும். 2023இல் பேஸ்களின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. பிட்சர் ஓட்டக்காரரைத் தடுக்க எத்தனை முறை எறியலாம் என்பதற்கும் வரம்பு வந்தது. அதன் விளைவாக லீக் முழுவதும் ஸ்டோலன் பேஸ்கள் 2,486இலிருந்து 3,503 ஆயின. எல்லோரிடமும் கூடிய ஒன்று யாரிடமும் அரிதன்று. 2021இல் 20 ஸ்டோலன் பேஸ்களுக்குக் கொடுத்த விலையை இன்று கொடுக்கக் கூடாது. ஓட்ட வேகத்தில் நொடிக்கு 27 அடி நடுத்தரம், 30 அடி மிக உயர்ந்தது. வேகம் உள்ளவரின் ஸ்டோலன் பேஸ்கள் அவர் பேஸில் இருக்கும்வரை திரும்ப வரும். வேகம் இல்லாமல், உண்மையான அணியின் மேலாளரின் துணிச்சலால் கூடியவை, அந்த மேலாளர் மாறினால் போய்விடும்.

ஆடும் வாய்ப்பைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஃபேன்டஸியில் ஃபீல்டிங்குக்குப் புள்ளி கிடையாது; ஆனால் அடி விழாத வாரங்களிலும் ஒருவரைக் களத்தில் வைத்திருப்பது ஃபீல்டிங்தான். 2025இல் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருது பெற்ற குரோ-ஆர்ம்ஸ்ட்ராங்கை இரண்டாம் பாதிச் சரிவிலும் கப்ஸ் உட்கார வைக்கவில்லை என்பதற்கு அதுவே காரணம். அடிக்க மட்டுமே தெரிந்த இடக்கை லெஃப்ட் ஃபீல்டருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இடக்கை பிட்சர் வரும் நாளில் அவர் பெஞ்சில் இருப்பார். மட்டை வரிசையில் ஓரிடம் கீழே இறங்கினால் ஆண்டுக்கு 15 முதல் 20 முறைகள் குறையும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். இடத் தகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பிரென்ட் ரூக்கர் 2024இல் 39 ஹோம் ரன்கள் அடித்தபோது பெரும்பாலும் ஃபீல்டிங் செய்யாமல் அடிக்க மட்டும் வரும் டெசிக்னேடட் ஹிட்டராகவே ஆடியதால், அடுத்த ஆண்டு பல லீக்குகளில் அவரை அவுட்ஃபீல்டர் இடத்தில் வைக்க முடியவில்லை.

இவற்றை 2025 ஜூலைக்குப் பொருத்திப் பார்ப்போம். குரோ-ஆர்ம்ஸ்ட்ராங்கின் வேகம் உண்மையானது, ஃபீல்டிங்கும் உண்மையானது, 23 வயது சாதகமானது. பந்தைத் தூக்கி அடிக்கத் தொடங்கியதும் திறன் சார்ந்த மாற்றம்தான். மாறாமல் நின்றது ஒன்று: ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே வரும் பந்துகளில் நூற்றுக்கு 40க்கு மேல் அவர் மட்டையை வீசினார், லீக் சராசரி 28ஐ ஒட்டியது. இப்படிப்பட்டவருக்கு நல்ல பந்து போட வேண்டிய தேவை பிட்சர்களுக்கு இல்லை. அதனால் அவருடைய சரிவுகள் ஆழமாகவும் நீண்டும் இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கலாம். மீதியுள்ள 66 ஆட்டங்களுக்கு 10 ஹோம் ரன்கள், 14 ஸ்டோலன் பேஸ்கள் என்பது அன்று நியாயமான மதிப்பாக இருந்திருக்கும். நடந்தது அதைவிடக் குறைவு. எந்தக் கணிப்புக்கும் அந்த அளவு பிசகு உண்டு.

இந்த மதிப்பை எழுதி வைத்த பிறகே எதிரணி மேலாளரிடம் பேச்சைத் தொடங்க வேண்டும். அவர் நீட்டிப்புக் கணக்கில் விலை சொன்னால், ஆட்டக்காரர் உங்களிடம் இருக்கும்போது விற்றுவிடுங்கள். அவரிடம் இருக்கும்போது வாங்காமல் காத்திருங்கள். அடுத்த ஆண்டுக்கும் ஆட்டக்காரரைத் தக்கவைக்கும் லீக் என்றால் கணக்கு மாறும்: ஏப்ரலில் 5 டாலருக்கு எடுத்த 23 வயது ஆட்டக்காரரை 24 ஹோம் ரன், 30 ஸ்டோலன் பேஸ் மதிப்பில் அதே விலைக்கோ சற்றுக் கூடுதலாகவோ வைத்துக்கொள்ள முடியும் என்றால், ஜூலையில் வரும் பெரிய விலையையும் மறுத்துவிடலாம். வாங்க விரும்புபவர் இரண்டாம் பாதிச் சரிவின் நான்காவது வாரம்வரை பொறுத்து, எதிரணி மேலாளர் தம் அணியின் தரவரிசையைப் பார்த்துப் பொறுமையிழந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் கேட்டுப் பார்க்கலாம்.