நடக்கும் ஸ்பிரைட் ஏன் குலுங்குகிறது?

ஸ்பிரைட் என்பது கணினி விளையாட்டில் அசையும் சிறு உருவம். அதன் அசைவு, ஃபிரேம் எனப்படும் தனித்தனிப் படங்களை அடுத்தடுத்துக் காட்டுவதால் வருகிறது. ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகப் பார்த்தால் படம் நன்றாகத்தான் இருக்கும். ஓடவிட்டதும் உருவம் இடமும் வலமும் துள்ளும். பெரும்பாலும் வரைந்ததில் குறை இருக்காது. ஃபிரேம்களை எதை வைத்துப் பொருத்தினோம் என்பதில்தான் கோளாறு.

பலரும் செய்கிற தவறு இது. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் ஃபிரேம்களை லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான அடுக்குகளாக, திறந்து, ஒவ்வொரு லேயரிலும் சுற்றியுள்ள காலி இடத்தை வெட்டிவிட்டு, அலைன் கருவியால் எல்லாவற்றையும் நடுவுக்குக் கொண்டுவருவார்கள். எது உடல், எது வாள் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அது லேயரின் ஓரங்களை மட்டும்தான் அளக்கும். வீரனின் அகலம் 32 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் வாளை நீட்டும் ஃபிரேமில் அது 52 ஆகிறது. நடுப்புள்ளி 16-லிருந்து 26-க்கு நகர்ந்துவிட்டது. இப்போது நடுவை நடுவோடு பொருத்தினால், வாள் வீசும்போதெல்லாம் உடல் 10 பிக்சல் பின்னால் போய்த் திரும்பும்.

காலி இடத்தை வெட்டவே வேண்டாம். எல்லா ஃபிரேமுக்கும் ஒரே கேன்வாஸ் அளவு, உதாரணமாக 64×64, வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெட்டியிருந்தால், உருவங்களைச் சரியான இடத்துக்கு நகர்த்திய பிறகு லேயரைக் கேன்வாஸ் அளவுக்கு விரிக்கும் ‘லேயர் டு இமேஜ் சைஸ்’ கட்டளையைக் கொடுங்கள். நகர்த்துவதற்கு இரண்டு வழிகாட்டிக் கோடுகள் போதும்: தரைக்கு ஒன்று, இடுப்புக்கு நேராகச் செங்குத்தாக ஒன்று. தலையை வைத்துப் பொருத்தாதீர்கள். நடக்கும்போது தலை ஓரிரு பிக்சல் ஏறி இறங்குவதுதான் நடைக்கு உயிர்.

கீழ் ஓரத்தை வைத்துப் பொருத்துவதும் ஆபத்துதான். ஓட்டத்தில் இரண்டு காலும் தரையை விட்டு எழும் ஃபிரேம் ஒன்று வரும். அதையும் தரைக் கோட்டுக்கு இழுத்துவிட்டால் ஓட்டம் வழுக்கிப் போவதுபோல் ஆகிவிடும். குதிப்பது வேறு கதை. உருவத்தை மேலே தூக்குவது விளையாட்டின் நிரல் என்றால், ஃபிரேமிலும் உயர்த்தி வரையக் கூடாது. இரண்டும் கூடி உயரம் தப்பாகிவிடும்.

சரிபார்க்க, மேல் லேயரின் ஒளிபுகாமையைப் பாதியாகக் குறைத்துக் கீழே உள்ள ஃபிரேமோடு ஒப்பிடுங்கள். பிக்சல் ஓவிய மென்பொருளான ஏஸ்ப்ரைட்டில் இதற்கு, பக்கத்து ஃபிரேம்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின் இருக்கிறது, எஃப்3 அழுத்தினால் வந்துவிடும். அளவு மாற்றுவதாக இருந்தால், முழுத் தொகுப்பையும் ஒரே நேரத்தில், முழு எண் மடங்கில் மாற்றுங்கள். பிக்சல் ஓவியத்துக்கு, நிறங்களைக் கலந்து மழுப்பும் இன்டர்பொலேஷன் ‘நன்’ (None, வேண்டாம்) என்றே இருக்கட்டும்.

அப்புறம் ஷீட், அதாவது எல்லா ஃபிரேமையும் வரிசையாக அடுக்கிய ஒரே படம். 64 பிக்சல் அகலத்தில் 8 ஃபிரேம் என்றால் 512 வர வேண்டும். ஓரத்தில் 2 பிக்சல் வெட்டுப்பட்டு 510 ஆனால், எட்டால் வகுக்கும்போது 63.75 வரும். ஒவ்வொரு ஃபிரேமும் கால் பிக்சல் கால் பிக்சலாக விலகிக்கொண்டே போகும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் ஷீட்டைப் பிரிக்கும்போதும் ‘ஆட்டோமேட்டிக்’ வேண்டாம். அது உருவத்தை ஒட்டியே வெட்டுவதால் வாள் சிக்கல் அப்படியே திரும்பி வந்துவிடும். ‘கிரிட் பை செல் சைஸ்’ தேர்ந்தெடுத்து 64×64 கொடுங்கள். உருவத்தை நிறுத்தும் ஆதாரப் புள்ளியான பிவட்டை எல்லா ஃபிரேமுக்கும் ‘பாட்டம்’ (அடி) என்று வைத்தால், தரைக் கோடு கேன்வாஸின் அடியில் இருக்கும்வரை கால் தரையிலேயே நிற்கும்.