பெயர் சொல்லி மீன் கேட்காதீர்கள்: கடல் சூடாகும் காலத்தில் மீன் வாங்கும் முறை

தேவகோட்டையில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். மீன் தொண்டியிலிருந்து வருகிறது. கடல் பக்கத்தில் இருந்தும் அன்றாடம் பார்க்காதவர்கள் நாம்; அங்கே நடப்பது விலை ஏறும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

சந்தைக்குப் போனதும் "வஞ்சிரம் இருக்கா, சங்கரா இருக்கா" என்று கேட்பதை முதலில் விடுங்கள். "இன்னைக்கு நாட்டுப்படகுல என்னக்கா வந்துச்சு?" என்று கேளுங்கள். தொண்டியை ஒட்டிய பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், சித்திரை வெயிலில் சீக்கிரம் சூடேறிவிடும். 2016-இல் இப்படி ஏறிய சூட்டில் இங்கேயும் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் வெளுத்தன. பாறையை அண்டி வாழும் மீனுக்கு அதுதான் வீடு. கேரளப் பக்கத்து மீனாகவே இருந்த மத்தி, 1990-களிலிருந்து நம் கரையிலும் நிறைய விழுகிறது. வலையில் விழுவது மாறிவிட்டது, நம் நாக்குதான் மாறவில்லை. டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கிப் போனவர் கொண்டுவந்த சூடை, காரல் மாதிரிச் சின்ன மீன்களை நாம் ஒதுக்கினால், அவை அடிமாட்டு விலைக்குக் கோழித்தீவனத்துக்குப் போகும்.

எனக்கு மீன் தரும் அக்கா சொல்வார்: "ஆச்சி, கச்சான் காத்தும் வாடையும் இப்ப சொன்ன நேரத்துக்கு வர்றதில்ல. எதை நம்பி வலை விடுறது?" புயல் எச்சரிக்கை வந்தால் படகு கரையிலேயே கிடக்கும், அன்றைக்குக் கூலி கிடையாது. சூடான கடல் புயலுக்குத் தீனி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் படகுகள் நொறுங்கின. அந்த மாதிரி நாட்களில் சந்தையில் கிடப்பது வேறு கரை மீன், ஐஸில் பல நாள் இருந்தது. வாங்குமுன் எந்த ஊர் மீன் என்று கேளுங்கள்.

சரி, சூடை வாங்கியாயிற்று. முள் அதிகம் என்று பயப்பட வேண்டாம். செதிலை உரசி, தலையைக் கிள்ளி, குடலை எடுத்துக் கல்லுப்பில் அலசுங்கள். மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு வெந்தயம், சோம்பு தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் தக்காளி, மசாலா, கெட்டிப் புளி. எண்ணெய் பிரிந்து மேலே நின்ற பிறகுதான் மீன். அப்புறம் கரண்டியே போடக்கூடாது. துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி, சிறு தீயில் விட்டுவிடுங்கள். புளியிலும் சூட்டிலும் சின்ன முள் மெத்தென்று ஆகிவிடும். மறுநாள் இன்னும் நன்றாயிருக்கும்.

வெயில் காலத்தில் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மத்தி, சூடை, அயிலை மூன்றும் எண்ணெய் மீன். வெளியே சூட்டில் கிடந்தால் உண்டாகும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்துவிடும். வயிறு வெடித்த மத்தி வேண்டவே வேண்டாம். பையில் ஐஸ் போட்டுத் தாருங்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

நண்டைத் திருப்பி அடிவயிற்றைப் பாருங்கள். வெளியே மஞ்சளாகவோ கறுப்பாகவோ முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் அது சினை நண்டு. நாலு காசு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். கடல் சூட்டிலேயே திணறுகிறது, குஞ்சையாவது விடுவோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுக்குத் தடை. அப்போது கரையோரத்தில் பிடிக்கும் நாட்டுப்படகு மீன்தான் புதிது. விலை கூடுதலாக இருக்கும், பேரம் பேசாமல் கொடுங்கள். மிச்ச நாளுக்குக் கருவாடு இருக்கிறது. காய வைக்கும்போது திடீர் மழை பிடித்தால் மொத்தமும் பூசணம் பூத்துவிடும், இப்போது அது அடிக்கடி நடக்கிறது. அதனால் நல்ல வெயிலில் காய்ந்தது கிடைத்தால் கொஞ்சம் சேர்த்தே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.