மருத்துவமனை சாப்ளின் ஆவது எப்படி? வார்டிலிருந்து துறைப் பொறுப்பு வரை

மருத்துவமனையில் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆன்மிக, மன ஆதரவு தருபவர்தான் சாப்ளின். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருபவர், மாலையில் வேதாகமத்துடன் கட்டில் கட்டிலாக ஜெபம் செய்துகொண்டு போகும் போதகர். அதுவும் எங்கள் வேலைதான், ஆனால் கால்பங்குகூட இல்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு தூக்கம் வராதவர், ஐ.சி.யு. வாசலில் பாய் விரித்துக் காத்திருக்கும் குடும்பம், பிறந்த குழந்தையை இழந்த தாய், அந்தப் பிரசவத்தைப் பார்த்த நர்ஸ் என்று எல்லாரும் எங்கள் பொறுப்பில் வருவார்கள். அவர் எந்த மதம், மதம் உண்டா இல்லையா என்பதெல்லாம் பிறகு.

படி 1: பட்டத்துக்கு முன் வார்டு

விண்ணப்பம் வாங்குவதற்கு முன் ஆறு மாதமாவது ஒரு மருத்துவமனையிலோ வலி நிவாரண ஆதரவு சிகிச்சை மையத்திலோ தன்னார்வலராக இருங்கள். வார்டுக்குள் போனதும் முதலில் நர்ஸிடம் கேளுங்கள். இப்போதுதான் மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருப்பார்கள். கட்டிலில் உட்காராதீர்கள். நாற்காலியை நோயாளியின் கண்மட்டத்துக்கு வருமாறு போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டே பேசுகிறவர் கிளம்பப் போகிறவர் என்று நோயாளிக்குத் தெரியும்.

படி 2: இறையியல் படிப்பு

கிறிஸ்தவப் பின்னணி உள்ளவர்களுக்குப் பழகிய பாதை, இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட் என்ற அமைப்பின் பி.டி. (இறையியல் இளநிலை) பட்டம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி ஆகியவற்றில் படிக்கலாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்து, இஸ்லாமிய, பௌத்த சாப்ளின்களும் மருத்துவமனைகளில் பணிபுரிகிறார்கள். எங்கே படித்தாலும் ஆலோசனை உளவியல் பாடத்தைத் தவறவிடாதீர்கள்.

படி 3: சி.பி.இ. பயிற்சி

சி.பி.இ. (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) என்பது வார்டில் நோயாளிகளைச் சந்தித்தே கற்கும் பயிற்சி. ஆளை உருவாக்குவது இந்தப் படிதான். ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்து மீண்டவர். 1925இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை வரவழைத்து, புத்தகங்களைப் போலவே நோயாளிகளையும் 'உயிருள்ள மனித ஆவணங்களாக' வாசிக்கச் சொன்னார். அதிலிருந்து வளர்ந்ததே சி.பி.இ. அமெரிக்க முறையில் ஒரு யூனிட் என்பது 400 மணி நேரம். அதில் பெரும்பகுதி வார்டில் கழியும். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யில் விசாரிக்கலாம்.

இதன் முதுகெலும்பு 'வெர்பாட்டிம்'. நோயாளியுடன் பேசிவிட்டு வந்து, நினைவிலிருந்து வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். பெயர் கூடாது, நோயாளிக்கு 'நோ', சாப்ளினுக்கு 'சா' போதும். என் முதல் பக்கம் இப்படி இருந்தது:

நோ: ஐயா, நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்?
சா: அப்படிச் சொல்லக் கூடாது. கடவுள் கைவிட மாட்டார்.
நோ: சரி ஐயா.
சா: ஜெபம் செய்யலாமா?

குழுவில் இதை வாசித்ததும் பயிற்றுநர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த 'சரி ஐயா'வுக்குப் பிறகு அவர் ஏதாவது பேசினாரா?" இல்லை. நோயாளி மனக் கதவைத் திறந்தார். நான் சாத்திவிட்டு ஜெபம் செய்திருக்கிறேன். என் பயத்தை அடக்கத்தான் அவசரமாக ஆறுதல் சொன்னேன் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. மறுமுறை ஒரு நோயாளியிடமிருந்து அதே கேள்வி வந்தபோது, "எதை நினைத்துக் கேட்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார், தன் தம்பியிடம் பேசாமலே போன இருபது ஆண்டுகளைப் பற்றி.

படி 4: சான்றிதழ்

அமெரிக்காவில் 'போர்டு சர்டிஃபைடு', அதாவது தொழில்முறை வாரியத்தின் சான்று பெற்ற சாப்ளின் ஆவதற்கு முதுநிலைப் பட்டம், 4 சி.பி.இ. யூனிட்கள், 2,000 மணி நேரப் பணி அனுபவம், உங்கள் சமய அமைப்பின் ஒப்புதல், குழு நேர்காணல் எல்லாம் வேண்டும். பிரிட்டனில் என்.எச்.எஸ். என்ற அரசு சுகாதாரச் சேவையின் மருத்துவமனைகளே சாப்ளின்களைச் சம்பளத்துக்கு நியமிக்கின்றன. நம் ஊரில் பெரும்பாலும் மிஷன் மருத்துவமனைகளில்தான் இடம் கிடைக்கும். சம்பளத்தை முன்பே வாய்விட்டுக் கேளுங்கள். ஊழியம் என்ற சொல்லைக் கேட்டதும் வாடகையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் ஐந்தாறு ஆண்டுகளில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: துறைப் பொறுப்பு

நல்ல சாப்ளின் எல்லாரும் நல்ல தலைவர் ஆவதில்லை. இங்கே வேலை வேறு: இரவு டூட்டி அட்டவணை, பட்ஜெட், நன்னெறிக் குழுக் கூட்டம், அவசரத்துக்கு அழைக்க இமாம், குருக்கள், பங்குத்தந்தை ஆகியோரின் தொலைபேசி எண்கள். நோயாளிக் கோப்பில் என்ன எழுதலாம் என்பதையும் நீங்கள்தான் வகுக்க வேண்டும். "குடும்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார், மகள் வரும்வரை முடிவெடுக்க விரும்பவில்லை" என்று எழுதலாம். அது டாக்டருக்கு உதவும். தம்பியுடன் என்ன சண்டை என்பது கோப்புக்கு வேண்டாம்.

நிர்வாகம் எண்ணிக்கை கேட்கும்: மாதத்துக்கு எத்தனை சந்திப்பு? கொடுங்கள், முறைத்துக்கொள்ள வேண்டாம். கூடவே ஒரு பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும், ஆளை அடையாளம் காட்டாமல், எழுதிக் கொடுங்கள். எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால், அடுத்த ஆண்டு அதை இரட்டிப்பாக்கச் சொல்வார்கள்.

பொறுப்புக்கு வந்த பிறகும் ஒரு வார்டை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் வாராந்தரக் கூட்டத்தில் முதல் வெர்பாட்டிம் உங்களுடையதாக இருக்கட்டும், அதுவும் சொதப்பிய சந்திப்பாக. அப்போதுதான் புதிதாக வந்த பிள்ளை தன் பக்கத்தைத் தயங்காமல் வெளியே எடுக்கும்.