ஞானஸ்நான ஏட்டில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டம் ஓரியூர் பக்கத்து விவசாயக் கிராமம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து ஒரு தம்பி குடும்ப மரம் வரைந்து வந்திருந்தார். பெத்ருஸ், மனைவி மதலேன், இரண்டு பிள்ளைகள். அடுத்த கட்டத்தில் இராயப்பன், மனைவி மதலேன், மூன்று பிள்ளைகள். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பல வருடங்களுக்கு முன் நானும் அப்படியே வரைந்தேன்.

ஒரே ஆளை இருவராக்குவது

பழைய ஏடுகளில் சாமியார்கள், அதாவது கத்தோலிக்கப் பாதிரியார்கள், லத்தீனில் எழுதினார்கள். ஊரில் இராயப்பன் என்றால் ஏட்டில் பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னஸ், முடியப்பன் ஸ்தெபானுஸ். யாகப்பன், சந்தியாகு இரண்டுமே யாக்கோபுஸ். போதாததற்கு, தகப்பன் பெயராக வரும்போது லத்தீனில் வால் மாறும்: 'பெத்ருஸுடைய' என்பதற்கு 'பெத்ரி', பவுலுஸுக்கு 'பவுலி'. இன்னொரு சாமியார் வந்து தமிழில் எழுதினால் அதே மனிதர் மறுபடி சின்னப்பன் ஆகிவிடுவார்.

நான் பவுலியையும் சின்னப்பனையும் அண்ணன் தம்பியாக்கி, பெரிய தாளில் வரைந்து அந்த வீட்டுக்கே கொண்டுபோனேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எங்க அய்யாவுக்குக் கூடப் பிறந்தவுகளே கிடையாதேப்பா" என்றார். மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல்தான்.

குடும்பப் பெயர் கிடையாது என்பதால் தகப்பன் பெயரை மட்டும் நம்பக் கூடாது. தாய், ஊர், ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பன், ஞானத்தாய் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மரியா என்ற தாய் பக்கத்துக்குப் பக்கம் வருவார்; அதனால் குறைந்தது மூன்று பெயராவது ஒத்துப்போக வேண்டும்.

ஓரத்துக் குறிப்பைத் தாண்டிப்போவது

யாருக்கு எந்தப் பங்கில் (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரத்தில்) கல்யாணம் ஆனது என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களைத் தேட அதுதான் வழி.

பிறந்த தேதி

ஞானஸ்நானத் தேதி வேறு, பிறந்த தேதி வேறு. சாகக் கிடந்த குழந்தைக்கு உபதேசியார் (ஊரில் மறைக்கல்வி சொல்லித்தருபவர்) வீட்டிலேயே தண்ணீர் ஊற்றியிருப்பார். கோயில் சடங்கு பிறகு நடந்திருக்கும். அப்படியானால் மூன்று தேதி.

தாய்ப்பங்கை மறப்பது

ஓரியூர் இருக்கும் சிவகங்கை மறைமாவட்டம் (ஆயர் ஒருவரின் கீழ் வரும் பங்குகளின் தொகுப்பு) 1987-இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. பங்குகளும் அப்படிப் பிரிந்தவைதான். உங்கள் ஊர் வேறொரு பங்கின் கிளைக் கிராமமாக இருந்த காலத்து ஏட்டை அந்தத் தாய்ப்பங்கில் கேளுங்கள்.

கைபேசி ஃபிளாஷ்

போடாதீர்கள்.

அந்தத் தம்பியும் நானும் ஐந்து பிள்ளைகளின் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஊர் ஒன்று, தாய் ஒன்று, மூன்று பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனும் ஒருவரே. இரண்டு கட்டங்களையும் அழித்துவிட்டு ஒன்றாக எழுதினார்: இராயப்பன் என்கிற பெத்ருஸ்.